தமிழ் படிக்கத் தெரியாத ஆகாஷ்

உலகிலேயே விலை குறைந்த கைக்கணினி என்ற பெருமையோடு "ஆகாஷ்" 2011 அக்டோபர் 5-ஆம் தேதி தில்லியில் வெளியிடப்பட்டது. அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல், சோதனைக்காகச் சுமார் 500 மாணவர்களுக்கு அதை வழங்கினார். அன்று முதல் நாடு முழுவதும் நடந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான்: விலை. 35 டாலர் என்றார்களே, 50 டாலரை நெருங்கிவிட்டதே. அரசு கொடுப்பது எவ்வளவு, மாணவர் கொடுக்க வேண்டியது எவ்வளவு. கடையில் 2,999 ரூபாய்க்கு எப்போது கிடைக்கும். இந்தக் கருவியில் ஒரு மாணவர் தன் தாய்மொழியில் வந்த மின்னஞ்சலைப் படிக்க முடியுமா, ஒரு வரி எழுத முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. முடியாது என்பதுதான் பதில். இதைவிடப் பெரிய குறை வேறு எதுவும் இருக்க முடியாது.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 மெகாபைட் நினைவகம், 2 ஜிகாபைட் சேமிப்பிடம், 350 கிராம் எடை. ராஜஸ்தான் ஐஐடி விவரக்குறிப்பு வகுத்து ஒப்பந்தப்புள்ளி கோரியது. டேட்டாவிண்ட் நிறுவனம் குறைந்த விலை சொல்லி ஒப்பந்தத்தைப் பெற்றது. ஹைதராபாதில் பாகங்களைப் பொருத்தித் தந்தார்கள். முதல் கட்டம் ஒரு லட்சம் கருவிகள்.

திரை, அழுத்தினால் மட்டுமே வேலை செய்யும் வகையைச் சேர்ந்தது. விரல் பட்டாலே நகரும் திரைகளைப் பார்த்துவிட்ட மாணவர்கள் இதில் நகத்தால் குத்த வேண்டியிருந்தது. மின்கலம் சுமார் மூன்று மணி நேரம் தாங்கலாம். நாள்தோறும் மின்வெட்டு இருந்த ஊர்களில் இது எத்தனை வகுப்புகளுக்குப் போதியிருக்கும்? இணையத்துக்கு வைஃபை தவிர வேறு வழி இல்லை. அன்று வைஃபை இருந்த கல்லூரி வளாகங்கள் தமிழ்நாட்டிலேயே எத்தனை என்பதை அன்றைய மாணவர்கள் அறிவார்கள்.

இருந்தாலும் இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடிய குறைகள். அன்று 29,500 ரூபாயில் தொடங்கிய ஐபேட்-2 உடன் இதை ஒப்பிட்டுக் குறை சொல்வது நியாயமும் இல்லை. அடுத்த பதிப்பில் செயலியை மாற்றலாம், திரையை மாற்றலாம், மின்கலத்தைப் பெரிதாக்கலாம். ஆனால் மொழியை யோசிக்காமலே ஒரு கல்விக் கருவியை வடிவமைத்தார்களே, அந்த மனப்போக்கை எந்தப் பதிப்பில் மாற்றுவார்கள்?

ஆகாஷில் இருந்தது ஆண்ட்ராய்ட் 2.2 இயங்குதளம். அதில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும். எழுத்துருவைத் தேடி எடுத்துப் போட்டாலும் பிரச்னை தீராது. யூனிகோடில் "தே" என்பது முதலில் "த", அதன் பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது இயங்குதளத்தின் வேலை. ஆண்ட்ராய்ட் 2.2-க்கு அந்த வேலை தெரியாது. எனவே கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒகர, ஓகார எழுத்துகள் சிதறிப் போகும். விவரம் தெரிந்தவர்கள் ஓபரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்துகளைப் படமாக வரவழைத்துப் படித்தார்கள். அது படிப்பதற்கு மட்டும்தான் உதவியது, அதுவும் அந்த உலாவிக்குள் மட்டும்தான். ஓர் அரசு தன் மாணவர்களுக்குத் தரும் கருவியில் தாய்மொழியைக் குறுக்குவழியில்தான் படிக்க வேண்டுமா?

பாடநூல்கள் பிடிஎஃப் கோப்புகளாகத் தெரியுமே என்பார்கள். தெரியும். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருப்பதால் தெரியும். ஆனால் 800-க்கு 480 புள்ளிகள் கொண்ட திரையில் பாடநூலின் முழுப்பக்கம் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும். பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்தி நகர்த்தித்தான் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. ஓரத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுத முடியாது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9-ஆம் தேதி தீர்ப்பளிக்கும் வரை தமிழக மாணவர்கள் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது இணையத்தில் கிடைத்த பாடநூல் கோப்புகளை நம்பியிருந்த ஆசிரியர்களைக் கேட்டால், திரையில் பாடம் படிப்பது என்னவென்று சொல்வார்கள்.

கைக்கணினியில் இந்திய மொழிகளைக் காட்டுவது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமா? இல்லை. முடியும் என்று இந்தியர்களே அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு செய்து காட்டியிருந்தார்கள். அதை மறந்ததுதான் இந்தக் கதையின் மிகப்பெரிய சோகம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர் போன்றோரும் என்கோர் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து 2001-இல் உருவாக்கிய "சிம்ப்யூட்டர்" உள்ளங்கையில் அடங்கும் கணினி. தொடுதிரை உண்டு. லினக்ஸில் இயங்கியது. அதன் செயலியின் வேகம் 206 மெகாஹெர்ட்ஸ். ஆகாஷின் வேகத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம். அந்த எளிய கருவி இந்திய மொழிகளைக் காட்டியதோடு நிற்கவில்லை. எழுத்தைப் படித்துக் குரலாகவும் சொன்னது. இந்தி, கன்னடத்தோடு தமிழிலும் பேசியது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் தொடக்கப் புள்ளி.

இன்னொன்றையும் யோசித்தார்கள். ஒரு ஏழைக் குடும்பத்தால் கருவியை வாங்க முடியாது என்பதால், ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ள ஸ்மார்ட் கார்டு முறையை வைத்தார்கள். அவரவர் விவரம் அவரவர் அட்டையில். கருவி பொது, தகவல் தனி. 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சந்தைக்கு வந்த "அமிடா" வகையில், கருவியைச் சாய்த்தால் பக்கம் புரளும் வசதிகூட இருந்தது. ஐபோன் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு!

அந்தக் கருவிக்கு என்ன நேர்ந்தது? 50,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2005 வரை விற்றவை சுமார் 4,000. விலை 10,000 ரூபாயை ஒட்டி நின்றது. ஒரு லட்சம் கருவிகளுக்கு ஒரே நாளில் ஆணை கொடுத்திருந்தால் அந்த விலை சரிந்திருக்கும். கர்நாடக அரசு நில ஆவணப் பணியில் பயன்படுத்திப் பார்த்ததைப் போன்ற சிறு முயற்சிகளோடு அரசுகள் நின்றுகொண்டன. 2011-இல் வெளிநாட்டு நிறுவனமான டேட்டாவிண்டின் கருவிக்கு ஒரு லட்சம் என்று தாராளமாக ஆணை கொடுத்த மத்திய அரசு, அன்று நம் விஞ்ஞானிகளுக்கு அதைக் கொடுத்திருந்தால், கைக்கணினியின் தலைநகரம் இன்று பெங்களூருவாக இருந்திருக்கும்.

அதற்குப் பதிலாக நமக்குக் கிடைத்தவை எண்கள். 2009 பிப்ரவரியில் திருப்பதியில் "10 டாலர் மடிக்கணினி" என்றார்கள். திரையே இல்லாத அந்தக் கருவியைக் கண்டு உலகமே ஏமாந்தது. 2010 ஜூலையில் 35 டாலர் என்று ஒரு மாதிரியைக் காட்டினார்கள். 2011-இல் அரசு கொடுத்த விலை சுமார் 2,250 ரூபாய். எண்ணை முதலில் அறிவித்துவிட்டு அதற்கேற்ற கருவியைப் பின்னால் தேடினார்கள். விலையை முன்னால் நிறுத்திவிட்டால், அதற்குள் அடங்காத ஒவ்வொன்றும் வெட்டப்படும். முதலில் வெட்டப்பட்டது மொழி. மொழி இல்லை என்று ஒப்பந்தப்புள்ளியில் யாருக்கும் மதிப்பெண் குறைவதில்லையே!

இதைச் சொன்னால் உடனே சிலர் கோபப்படுகிறார்கள். ஏழை மாணவனுக்குக் கிடைப்பதைக் கெடுக்காதீர்கள் என்கிறார்கள். ஏழை மாணவனின் பெயரைச் சொல்லித் தரமற்றதைத் தள்ளிவிடுவது இந்த நாட்டில் பழகிப்போன வழக்கம். அந்த வாதத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் தெரியுமே என்பது இரண்டாவது வாதம். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பொறியியல் கல்லூரியின் முதலாண்டில் திணறும் மாணவனை ஒருமுறைகூடச் சந்திக்காதவர்களால்தான் அப்படிப் பேச முடியும். சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் காணொலிப் பாடங்கள் அருமையானவை. அவற்றை ஆகாஷில் பார்க்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆங்கில உரையில் புரியாத ஒரு சொல்லுக்குத் தமிழில் பொருள் தேடினால் கட்டங்கள் வருமென்றால், அந்தக் கருவி யாருக்கானது?

தமிழக அரசைப் பாருங்கள். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் ஆண்டில் மட்டும் 9.12 லட்சம் பேருக்கு வழங்கத் திட்டமிட்டார்கள். செலவு மிக அதிகம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் அது விசைப்பலகை உள்ள முழுக் கணினி. தமிழில் தட்டச்சு செய்யலாம், தமிழில் தேடலாம், தமிழில் ஒரு கட்டுரை எழுதி முடிக்கலாம். 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடைத் தரமாக ஏற்றதும் தமிழக அரசுதான். ஆகாஷ் வந்தபோது யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தே 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இருபது ஆண்டுகளில் தன்னார்வலர்கள் இரவு பகலாக உழைத்துச் சேர்த்ததை, மத்திய அரசின் ஓர் ஒப்பந்தப்புள்ளி இல்லாததாக்கிவிட்டது.

ஆகாஷுக்கான பணம் 4,612 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட, கல்விக்கான தேசியத் திட்டத்திலிருந்து வந்தது. அதில் தமிழர் கொடுத்த வரியும் இருந்தது, வங்காளியும் ஒடியரும் கொடுத்த வரியும் இருந்தது. எனவே அந்த ஒரு லட்சம் கருவிகளுக்கான ஆணையை அப்படியே நிறுத்திவைத்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் பிழையின்றிக் காட்டவும் எழுதவும் முடியாத எந்தக் கருவிக்கும் கல்விப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது என்று விதி செய்திருக்க வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி அந்த ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடரிலேயே இதை எழுப்பியிருக்க வேண்டும். இந்தியா போன்ற பெரிய வாடிக்கையாளர் இந்த ஒரே நிபந்தனையைப் போட்டிருந்தால் ஓராண்டுக்குள் கூகுள் உள்பட அத்தனை நிறுவனங்களும் நம் மொழிகளைக் கற்றுக்கொண்டிருக்கும். நிபந்தனை போடும் துணிவு இல்லாத அரசுக்குக் கைக்கணினி வழங்கும் தகுதியும் இல்லை.