புயல் கரையைக் கடந்த பிறகுதான் விவசாயியின் கணக்கு தொடங்குகிறது

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொலைக்காட்சியைப் போட்டால், புயல் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, எப்போது கரையைக் கடக்கும் என்பதே பேச்சாக இருக்கும். புயல் கடந்ததும் செய்தியும் ஓய்ந்துவிடும். உங்களுக்கோ அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கும். செய்தியில் பார்த்த புயலும் நம் வயலில் அடித்த புயலும் ஒன்றுபோல இருப்பதில்லை. இந்த வேறுபாடு கடைசியில் நிவாரணத்திலும் காப்பீட்டிலும் வந்து நிற்பதால், அதைப் புரிந்துகொள்வது அவசியம்.

கஜா சொன்ன பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தார்கள். அதனால் பல உயிர்கள் தப்பின. அன்று வந்த செய்திகளில் அரசின் முன்னேற்பாடு பாராட்டப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவரும் பாராட்டினார்.

அதே நேரத்தில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கடலோரத்தோடு நிற்காமல் புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கமும் புயலின் பாதிப்பு இருந்தது. ஆனால் இதைச் சொல்ல வழியில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்துவிட்டன; பல ஊர்களில் கைப்பேசி கோபுரங்களும் செயலிழந்தன. மிக மோசமாக அடிபட்ட ஊர்களிலிருந்துதான் எந்தத் தகவலும் வரவில்லை. தகவல் வராததால், அங்கே பெரிய சேதம் இல்லை என்று வெளியே இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மக்கள் சாலை மறியலில் இறங்கிய பிறகே உண்மை நிலை மெல்ல வெளியே வந்தது.

மழை அளவு மட்டும் போதாது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையையும் எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைவிட இது அதிகம். இந்த அளவும் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் சிக்கிய பயணிகளும் நாடு முழுவதும் செய்தியானது சரியே. தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லும் வைத்திருந்தவர்களுக்கோ வேறு கவலைகள் இருந்தன: குளம் உடைந்ததா, வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, வடிந்தபோது எவ்வளவு மணலை விட்டுச் சென்றது? இவற்றைப் பத்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும். அதற்குள் செய்தி வேறு பக்கம் போய்விடும்.

தென்னையில் இந்தத் தாமதம் இன்னும் நீளம். விழுந்த மரங்களை அப்படியே போட்டால், மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். சில மாதங்களில் அது பெருகி, தப்பி நின்ற மரங்களின் குருத்தைத் துளைக்கும். காயம்பட்ட மரத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டும் வரும். இதுவும் புயல் சேதம்தான். ஆனால் எந்தக் கணக்கெடுப்பிலும் சேராது.

யார் எதை வைத்து அளக்கிறார்கள்?

செய்தி மாவட்டக் கணக்கில் பேசும். அரசு நிவாரணத்துக்குப் பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டில் பெரும்பாலும் உங்கள் தனி வயலைப் பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையின் சராசரி மகசூலே இழப்பீட்டை முடிவு செய்கிறது. 'மாவட்டமே மூழ்கியது' என்று செய்தி வந்தும் சிலருக்கு இழப்பீடு வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கஜாவுக்குப் பிறகு தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஹெக்டேருக்கு 175 மரம் என்றால் 1,92,500 ரூபாய். தலைப்புச் செய்தியில் இது பெரிய தொகை. ஆனால் புதிதாக வைக்கும் நெட்டை ரகக் கன்று காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டு வருமான இழப்பு அந்தக் கணக்கில் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மழைக்காலம் தொடங்கும் முன்பே வயலையும் தோப்பையும் படமெடுத்து வையுங்கள். மரங்களின் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். சிட்டா, அடங்கல் நகல்களைத் தண்ணீர் படாத உறையில் போடுங்கள். அடங்கலில் இப்போது நிற்கும் பயிர்தான் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள்.

2. சேதம் ஏற்பட்டதும், மரத்தை வெட்டுவதற்கு முன்பும் தண்ணீரை வடிப்பதற்கு முன்பும் தேதி, இடம் தெரியும்படி படம் எடுங்கள். பாதை அடைத்த மரங்களை உடனே வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போது அடிக்கட்டைகளையாவது எண்ணக்கூடியபடி விட்டு வையுங்கள்.

3. தண்ணீர் எந்த நாள் ஏறியது, எந்த நாள் வடிந்தது என்று நோட்டில் குறியுங்கள். வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால், அதை அகற்ற சிறு, குறு விவசாயிகளுக்குப் பேரிடர் நிவாரண விதிகளில் தனி உதவி உண்டு. அளந்து காட்டி, தனியாக மனு கொடுங்கள்.

4. அறுவடை செய்து வயலில் காயப்போட்ட பயிர் 14 நாட்களுக்குள் புயல் மழையில் நனைந்தால் தனி இழப்பீடு கோரக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தப் பிரிவு உங்கள் மாவட்டத்திலும் பயிருக்கும் உண்டா என்று பிரீமியம் கட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. தனித்தனியாக அலையாமல், ஊர் விவசாயிகள் சேர்ந்து சர்வே எண் வாரியாக ஒரே பட்டியல் தயாரித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் அல்லது தோட்டக்கலை உதவி அலுவலரிடமும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

புயல் வருவதை அறியச் செய்தியைப் பாருங்கள். எச்சரிக்கையை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆனால் புயல் போன பிறகு உங்கள் ஊரில் நடந்ததை உங்களைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. கணக்கெடுக்க வருபவர் கையில் உங்கள் பட்டியல் இருந்தால், விடுபட்ட சர்வே எண் எது என்று அவரிடம் அங்கேயே காட்டிவிடலாம்.