கன்றுக்கும் பங்கு உண்டு

"கறக்கிற மாட்டுக்குத்தான் புண்ணாக்கு. கன்றுக்கு வைத்தால் கழிச்சல் கண்டுவிடும்." குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் மாடு வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. விடிகாலையில் ஷூ கம்பெனிக்குக் கிளம்பும் பெண், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கைக் கறவைக்குக் கரைத்து வைப்பார். கன்றுக்கு ஒரு பிடி வைக்கோலை உதறிப் போடுவார். மாட்டை உயிராய் வளர்க்கும் வீட்டிலேயே கன்று இப்படிக் காய்கிறது. இந்த நம்பிக்கையை இனியும் விட்டுவைக்கக் கூடாது.

வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். கன்றுத் தீவனத்தில் 20 சதவீதமாவது வேண்டும். கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. தானியமும் புண்ணாக்கும் நொதிக்கும்போது உண்டாகும் அமிலங்களே அசைபோடும் வயிற்றின் உட்சுவரை வளர்க்கின்றன. வைக்கோலே கதியென்று கிடக்கும் கன்றைப் பாருங்கள்: வயிறு தொங்கும், விலா எலும்பு தெரியும், மயிர் சிலிர்த்து நிற்கும். "வயிறு நிறைஞ்சிருக்கே" என்பார்கள். அது பட்டினியின் அடையாளம்.

கழிச்சலுக்குக் குடற்புழுவும், அழுக்குத் தொட்டியும், அளவு மீறிய பாலும் காரணமாகலாம். பழி மட்டும் புண்ணாக்கின் தலையில் விழுகிறது. ஆனால், எந்தப் புண்ணாக்கும் ஆகும் என்று சொல்ல மாட்டேன். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகளைக் கொன்றது அந்த நஞ்சுதான். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலுள்ள காசிபால் என்ற நச்சுப்பொருளை இளங்கன்றின் வயிறு தாங்காது. இவை இரண்டையும் விலக்குங்கள். நல்ல புண்ணாக்கை விலக்காதீர்கள்.

கன்றுத் தீவனத்தை இப்படிக் கலக்கலாம்: அரைத்த மக்காச்சோளம் 50 கிலோ, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 17, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து இதில் ஒரு கைப்பிடி வைத்து, கன்று தின்னத் தின்னக் கூட்டுங்கள். பக்கத்தில் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.

கிடேரி பருவத்துக்கு வருவது வயதைவிட உடல் எடையைப் பொறுத்தது. நன்றாக வளர்ந்த கலப்பினக் கிடேரி இரண்டரை வயதுக்குள் ஈன்றுவிடும். காய்ந்து வளர்ந்தது மூன்று வயதாகியும் சினை பிடிக்காமல் நிற்கும். கடைசியில் "மலடு" என்று பட்டம் கட்டிப் பொய்கை மாட்டுச் சந்தைக்கு ஓட்டுகிறோம். மலடாக்கியது நம் சிக்கனம். நாளைய கறவை இன்றைய கன்றுதான். கறவைக்குக் கரைக்கும் முன்பே கன்றின் பங்கை எடுத்து வையுங்கள்.