அச்சுக்கு வயதாகிவிட்டதாம்!

தேய்மானம் என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று கணக்குப் புத்தகத்தில் இருப்பது. ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே வந்து, ஒரு மார்ச் 31-ஆம் தேதி அந்தப் பொருளின் மதிப்பைப் பூஜ்யமாக்கிவிடும். இன்னொன்று இரும்பில் இருப்பது. அதைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பல சமயம் கைக்கும் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் டூல் ரூமில் அச்சு செய்தும் செப்பனிட்டும் பிழைத்தவன் நான். முதல் தேய்மானத்தைக் காட்டி இரண்டாவதும் நடந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

இந்தத் தடவை அதைக் கிளப்பியது மாடல் ரயில்.

மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே அவனுக்குத் தெரிந்த ஒரு பையன், நம் ஊர்ப் பிள்ளைதான், மாடல் ரயில் பித்தன். வீட்டு மாடி முழுக்கத் தண்டவாளம். அசல் ரயிலை 76-இல் ஒரு பங்காகச் சுருக்கிய வண்டிகள், 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதை. பேரனுக்கு ஒரு சிக்னல் பாக்ஸ் கிட் வாங்கிக் கொடுத்தேன் என்று சொன்னதும், "அது பழைய டூலிங் அங்கிள், 1950-கள்" என்று மூக்கைச் சுளித்தான். பையன் நல்ல பையன். ஆனால் அந்தச் சுளிப்பு அவனுடையது மட்டும் இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற பாதிப்பேர் 'பழைய டூலிங்' என்பதை ஒரு வசவாகவே சொல்கிறார்கள்.

அந்த சிக்னல் பாக்ஸின் கதையைக் கேளுங்கள். ரட்லண்ட் மாவட்டத்தில் ஓக்கம் என்று ஒரு சிற்றூர். அங்கே ரயில்வே கேட் பக்கத்தில் இருக்கும் மரத்தாலான சிக்னல் பாக்ஸைப் பார்த்துத்தான் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1950-களின் பிற்பகுதியில் அந்த அச்சைச் செய்தது. அதே காலத்தில், 1959-ல், ரோஸ்பட் என்ற பொம்மைக் கம்பெனி கிட்மாஸ்டர் என்ற பெயரில் ரயில் எஞ்சின் கிட்கள் போட ஆரம்பித்தது. நார்தாம்டன்ஷயரில் ரான்ட்ஸ் என்ற ஊர். பெண்குழந்தை பொம்மை செய்தவர்கள் எஞ்சினுக்கு வந்தார்கள்! 1962-ல் அது ஏர்ஃபிக்ஸ் கைக்குப் போனது. 1981-ல் ஏர்ஃபிக்ஸே விழுந்தது. பாலிடாய் வாங்கியது. 1980-களின் நடுவில் ரயில் கிட் அச்சுகள் டாப்போல் என்ற சின்னக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. இவ்வளவு கை மாறியும் அந்த அச்சுகளில் பல இன்னும் ஓடுகின்றன. பிரிட்டிஷ் ரயில்வே 1960-ல் கட்டி முடித்த கடைசி நீராவி எஞ்சினான 'ஈவ்னிங் ஸ்டார்' அந்த வரிசையில் உண்டு, ஸ்டீவன்சனின் 'ராக்கெட்'டும் உண்டு.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஒரு அச்சு எத்தனை ஷாட் தாங்கும்? அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் வைத்திருக்கும் வகைப்பாட்டில் முதல் வகை அச்சு 10 லட்சம் ஷாட்டுக்கு மேல் தாங்க வேண்டும். நம் சிக்னல் பாக்ஸ் அச்சு அந்த வகை இல்லை, பாதிதான் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம்: 5 லட்சம். மாடல் ரயில் என்பது பிளாஸ்டிக் பக்கெட் போல ராத்திரி பகலாக அடித்துத் தள்ளும் சரக்கு இல்லை. கொஞ்சம் அடித்து, விற்று, அப்புறம் மறுபடி அடிப்பார்கள். வருஷத்துக்கு 5000 என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும் 60 வருஷத்தில் 3 லட்சம்தான் ஆகிறது. இதில் எங்கே வந்தது கிழடு?

போதாததற்கு, அடிக்கிற சரக்கு பாலிஸ்டைரீன். அச்சுக்கு இதைவிட இதமான பிளாஸ்டிக் கிடையாது. கண்ணாடி நார் கலந்த நைலானாக இருந்தால் அச்சின் வாயையும் மூலைகளையும் உப்புத்தாள் போல அரித்துவிடும். பி.வி.சி. என்றால், சூடு கொஞ்சம் மிஞ்சினால் போதும், அமிலப் புகை கிளம்பி இரும்பைத் தின்னும். பாலிஸ்டைரீன் இந்த இரண்டையும் செய்யாது.

அப்படியானால் அச்சு எதனால்தான் சாகிறது? என் அனுபவத்தில் மனிதனால். துண்டு அச்சிலேயே ஒட்டிக்கொண்டது என்று அவசரக்கார ஆபரேட்டர் எஃகு ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புவான். பித்தளைக் கம்பி எடுத்து வர இருபது அடி நடக்க வேண்டும், அந்தச் சோம்பல். முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு துண்டிலும் அந்தக் கீறல் இருக்கும். அடுத்தது, இறுக்கம். மெஷினில் டன்னேஜை வேண்டாத அளவுக்கு ஏற்றிப் போட்டு ஓட்டினால் இரண்டு பாதியும் சேரும் விளிம்பு நசுங்கும். நசுங்கின இடைவெளியில் பிளாஸ்டிக் கசிந்து விளிம்போரம் செதிளாக நிற்கும், ஃப்ளாஷ் என்போம். மூன்றாவது, துரு. வேலை முடிந்ததும் தண்ணீர் வழிகளை ஊதி உலர்த்தாமல், முகத்தில் எண்ணெய் தடவாமல், ஐப்பசி மழையில் சிமெண்ட் தரையில் ஆறு மாதம் போட்டு வைத்தால் எந்த எஃகுதான் தாங்கும்? இந்த மூன்றுக்கும் வயதோடு சம்பந்தமே இல்லை. போன வருஷம் செய்த அச்சையும் ஒரே ஷிஃப்டில் கொன்றுவிடலாம். கொன்றதைப் பார்த்திருக்கிறேன்.

"பழைய அச்சில் நுணுக்கம் இருக்காதே" என்பார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பெரிய அளவில் ஒரு மாதிரி செய்து, அதன் மேல் பாண்டோகிராஃப் மெஷினின் முள்ளை ஓட்டி, மறு முனையில் உள்ள கட்டர் எஃகில் சின்னதாகக் குடைந்துகொண்டே போகும். மீதி ஃபிட்டரின் கையும் கண்ணும்தான். கைப்பிடிக் கம்பியைத் தனியாகச் செய்து மாட்டாமல் உடம்போடு சேர்த்தே வார்த்துவிடுவார்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டர் வரைந்ததை அப்படியே வெட்டுகிறார்கள், ஆணித்தலை ஒவ்வொன்றும் தெரிகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அச்சு வடிவமைத்த காலத்தின் எல்லை. அச்சு தேய்ந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பழசு என்று சிரிக்கிறவர்களுக்கு அசல் ரயிலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஜே72 என்று ஒரு சின்ன ஷண்டிங் எஞ்சின். வடகிழக்கு ரயில்வேக்காக வில்சன் வொர்ஸ்டெல் 1898-ல் வடிவமைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, ரயில்வே முழுக்க அரசுடைமை ஆன பிறகு, பிரிட்டிஷ் ரயில்வே அதே வடிவத்தில் இன்னும 28 எஞ்சின் கட்டிக்கொண்டது. கடைசி வண்டி வந்தது 1951-ல். விக்டோரியா மகாராணி காலத்து வரைபடம், நாம் குடியரசான பிறகும் வேலை செய்தது. ஷண்டிங்குக்கு அது போதும் என்று எஞ்சினியர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே ஜே72-ஐ மாடலாக பாலிடாயின் மெயின்லைன் வரிசையில் 1970-களில் கொண்டுவந்தார்கள். மாடலுக்கு வயதாகிவிட்டதென்று மூக்கைச் சுளிக்கிறவர்கள், அசலுக்கு எத்தனை வயது என்று பார்த்தார்களா?

மெயின்லைன் கதையில் இன்னொரு சமாச்சாரம் உண்டு. அந்த மாடல்களை அடித்துக் கொடுத்தது ஹாங்காங்கில் உள்ள கேடர் கம்பெனி. பாலிடாய் கடையைக் கட்டியபோது பெயர் ஒரு பக்கம் போனது, அச்சுகள் கேடரிடமே நின்றன. கேடர் என்ன செய்தது? 1987-ல் பாக்மன் என்ற அமெரிக்கக் கம்பெனியை வாங்கியது. 1989-ல் பாக்மன் பிராஞ்ச்லைன் என்று இங்கிலாந்திலேயே கடை விரித்தது. முதலில் கைகொடுத்தவை அந்தப் பழைய அச்சுகள்தான். போகப்போக சில வண்டிகளுக்கு மேல்கூட்டை வைத்துக்கொண்டு அடியில் உள்ள இயக்கத்தை மட்டும் மாற்றினார்கள். எது உண்மையிலேயே சரியில்லையோ அதை மாற்று, நன்றாக இருப்பதை ஓட்டு. டூல் ரூமில் எங்கள் ஃபோர்மேன் காலையும் மாலையும் கத்தினது இதைத்தான்.

விலை விஷயத்தில் மட்டும் நான் அந்தப் பையன் கட்சி. பழைய அச்சில் அடித்ததைப் புதிய மாடலின் விலைக்கு, புதுப் பெட்டியில் போட்டு விற்றால் அது ஏமாற்று. ஹார்ன்பி தன் பழைய அச்சுகள் பலவற்றை 'ரெயில்ரோடு' என்று தனி வரிசையாக்கி, நுணுக்கம் குறைவு, விலையும் குறைவு என்று விற்கிறது. அதில் யாருக்கு என்ன நஷ்டம்? பத்து வயதுப் பையன் கீழே போட்டாலும் தாங்குகிற எஞ்சின் வேண்டுமென்றால் கம்பி கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும் புது மாடலா வாங்குவீர்கள்?

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், புது நிர்வாகம் வந்தது. சுவிட்ச், பிளக் பாயிண்ட் அச்சுகள் நாற்பதுக்கு மேல் ராக்கில் இருந்தன. எல்லாம் எண்ணெய் தடவி, முகம் கண்ணாடி மாதிரி. புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம், இடம் அடைக்கிறது என்றார்கள். காயலான் கடை லாரி வந்து எடைக்கு எடுத்துப் போனது. இரண்டு வருஷம் கழித்து, பழைய வாடிக்கையாளர் அதே மாடல் சுவிட்ச் வேண்டுமென்று ஆர்டரோடு வந்து நின்றார். புது அச்சுக்கு மூன்று மாதமும் பெரிய தொகையும் ஆகும் என்றதும் அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். கணக்குப்படி எந்த நஷ்டமும் இல்லை, பாருங்கள். பூஜ்யத்தைத்தானே விற்றோம்!

அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பதுண்டு, அவர்களுக்காக எழுதுகிறேன். லாரிக்காரனைக் கூப்பிடும் முன் அச்சைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். ஒரு தடவை மெஷினில் ஏற்றிப் பத்து ஷாட் அடியுங்கள். வந்த துண்டைப் பழைய துண்டோடு வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பழைய துண்டு எங்கே என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கடைசியாக வந்த துண்டைத் தேதி எழுதி அச்சோடேயே கம்பியால் கட்டி வைக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம்.