ஈரக் காற்றும் துணி அலமாரியும்

அடைமழை ஓய்ந்து வெயில் முகம் காட்டியதும் நம் இல்லத்தரசிகள் செய்யும் முதல் வேலை, பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்துப் பார்ப்பதேயாகும். திருமணப் புடவையின் மடிப்பில் சாம்பல் நிறப் புள்ளிகள்; சரிகையில் கருமை; கதவைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் முடைநாற்றம். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பொருள் ஒரு மழைக்காலத்தில் பாழாவதைக் காணும்போது மனம் வருந்தாதார் யார்? இவ்விழப்பை விதியென்று எண்ணவேண்டியதில்லை. அலமாரியை அமைக்கும்போதே சிறிது சிந்தித்தால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருத்தணியை எடுத்துக்கொள்வோம். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த எல்லையோர ஊர் இது. இங்குக் கோடையில் வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். ஆடி, ஆவணி மாதங்களில் மாலை நேர இடிமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆகவே கடற்கரை ஊர்களைப் போல ஆண்டு முழுவதும் ஒரே சீரான ஈரம் இங்கு இல்லை. வறட்சியும் ஈரமும் மாறி மாறி வருகின்றன. வைகாசியில் சுருங்கி ஆடும் மரக்கதவு, ஐப்பசியில் பருத்து இறுகித் திறக்க மறுக்கிறது. இவ்விரண்டையும் தாங்கக்கூடிய அலமாரியே இவ்வூருக்கு ஏற்றது.

ஈரம் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்தே வருகிறது. ஒரு கன மீட்டர் காற்று 30 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 பாகையில் 23 கிராம்தான் தாங்கும். மழைநாள் பகலில் அறைக்காற்றில் 20 கிராம் நீராவி இருப்பதாகக் கொள்வோம். அது அக்காற்றின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு. அதே காற்று இரவில் குளிர்ந்த சுவரின் பக்கம் சென்று 25 பாகைக்கு இறங்கினால், பத்தில் ஒன்பது பங்கை நெருங்கிவிடும். நூற்றுக்கு எழுபதைத் தாண்டிய ஈரம் பல நாட்கள் நீடித்தால் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். அலமாரியின் பின்பக்கத் துணிகளே முதலில் பழுதாவதன் காரணம் இதுதான்.

எனவே, முதலில் கவனிக்கவேண்டியது அலமாரி நிற்கும் இடம். வீடு கட்டும்போது ஒன்பது அங்குலச் சுவரில் குழிவிட்டு, கடப்பைக் கல் தட்டுகள் பதித்து, அலமாரி அமைப்பது நம் பகுதியில் நெடுநாளைய வழக்கம். கடப்பைக் கல் நல்ல பொருளே. கறையான் அதனைத் தின்னாது, ஈரத்தில் அது உப்பாது. ஆனால் குழி விட்ட இடத்தில் பின்சுவர் நாலரை அங்குலமாகக் குறைந்துவிடுகிறது. அச்சுவர் வடக்கிலோ கிழக்கிலோ வெளிப்புறமாக அமைந்து மழைச்சாரலை நேரே வாங்கினால், ஈரம் ஊறி உள்ளே வந்துவிடும். ஆகையால் சுவர் அலமாரியை இரு அறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவரிலோ, தாழ்வாரத்தின் நிழலில் உள்ள சுவரிலோ அமைப்பது நலம். குளியலறைச் சுவரை அறவே தவிர்க்கவும். புதுவீட்டுப் பூச்சு முழுவதும் உலரச் சில மாதங்கள் ஆகும். வீடு மந்திரித்துக் குடியேறிய வாரத்திலேயே பட்டுப் புடவைகளை அதில் அடுக்கிவிடாதீர்கள்.

மரத்தால் செய்ய விரும்புவோர் தச்சரிடம் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். முதலாவது, கதவு ஒரே பலகையாக இல்லாமல், சட்டத்தின் பள்ளத்தில் பலகை பொருந்தியிருக்கும்படி அமையட்டும். அப்பலகையைப் பசையிட்டு இறுக்காமல் விட்டால், பருக்கவும் சுருங்கவும் அதற்கு இடம் கிடைக்கும், கதவு முறுக்கிக்கொள்ளாது. இரண்டாவது, கதவின் அடியிலும் மேலும் காற்றுப்புழைகள் வைத்து, பூச்சி நுழையாதபடி மெல்லிய கம்பிவலை அடிக்கவேண்டும். கீழே நுழையும் காற்று மேலே வெளியேறும். மூன்றாவது, தரையிலிருந்து நான்கு அங்குலமும் சுவரிலிருந்து இரண்டு அங்குலமும் இடைவெளி வேண்டும். தேக்கு வாங்க வசதியில்லாதோர் ஒட்டுப்பலகையை நாடலாம். அதில் நீரைத் தாங்கும் தரம் எதுவெனக் கேட்டு வாங்கவேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை ஈரம் பட்டால் உப்பி உதிர்ந்துவிடும்.

பெண்ணுக்குச் சீராக வரும் எஃகு பீரோவைக் கறையான் அணுகாது. ஆனால் இரவில் குளிர்ந்த தகட்டின்மீது காலையில் ஈரக்காற்று படும்போது வியர்வை போல் நீர் அரும்புவதுண்டு. ஆகவே துணி தகட்டைத் தொடாதவாறு தட்டில் மெல்லிய மரச்சட்டங்களை இட்டு, அவற்றின்மேல் வெள்ளைத் துணி விரித்து அடுக்குங்கள். பீரோவையும் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள்.

உள்ளமைப்பில் அளவு முக்கியம். மடித்த துணிக்குத் தட்டின் ஆழம் 15 அல்லது 16 அங்குலம் போதும். அதற்குமேல் ஆழம் வைத்தால் பின்வரிசையை யாரும் தொடுவதில்லை; பூஞ்சணத்துக்கு அதுவே புகலிடம். சட்டைகளைத் தொங்கவிடும் பகுதிக்கு இரண்டடி ஆழம் வேண்டும். தட்டுகளைத் திணிக்காமல் நான்கில் ஒரு பங்கு வெற்றிடம் விடுங்கள். பட்டைப் பிளாஸ்டிக் பையில் இட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். பருத்தித் துணியில் சுற்றுவதே சிறந்தது. கஞ்சியிட்ட துணியைப் பூச்சி நாடி வருமாதலால், நெடுநாள் வைக்கும் பருத்திப் புடவைகளைக் கஞ்சியில்லாமல் வைக்கவேண்டும்.

இங்கே பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. அந்துருண்டை பூச்சியை விரட்டுமேயன்றி ஈரத்தைப் போக்காது. பூஞ்சணத்துக்கு அது மருந்தல்ல. சரிகைக்கும் அது ஆகாது. அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்னும் நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அத்தகைய பச்சிளங் குழந்தைக்கு அந்துருண்டையோடு வைத்திருந்த துணியை உடுத்தினால், அதன் ஆவி உடலில் ஏறிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கடுமையான மஞ்சட்காமாலை உண்டாகி மூளையையும் தாக்கக்கூடும். குறை இருப்பது பார்த்தவுடன் தெரியாது. மூத்த பிள்ளைக்கு அணிவித்த ஞானஸ்நான உடையைப் பத்திரமாக வைத்து இளைய பிள்ளைக்கும் அணிவிப்பது நம் குடும்பங்களின் இனிய வழக்கம். அவ்வுடை இருக்கும் தட்டில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். மிட்டாய் என்று எண்ணிப் பிள்ளைகள் விழுங்கும் ஆபத்தும் உண்டல்லவா? நன்கு உலர்ந்த வேப்பிலையையோ வசம்பையோ சிறு துணிப்பையில் கட்டி வைக்கலாம். அதுவும் குழந்தையின் கைக்கு எட்டாதிருக்கட்டும்.

ஈரத்தை உறிஞ்சச் சிலிக்கா ஜெல் மணிகள் கடைகளில் கிடைக்கின்றன. அடிக்கடி திறக்காத, காற்றுப் புகாத பெட்டிக்கே அவை பயன்படும். காற்றுப்புழை வைத்த அலமாரிக்கு அவை வீண்செலவு. சலவை செய்து முற்றும் உலராத துணியையும், இஸ்திரி போட்ட சூடு ஆறாத துணியையும் உள்ளே வைக்கலாகாது. மழைக்காலத்தில் வெயில் அடிக்கும் நாளில், நண்பகல் வேளையில், கதவுகளைத் திறந்து வைக்கவேண்டும். மழை பெய்யும் இரவில் திறந்து வைப்பது ஈரத்தை வரவேற்பதாகும். பட்டுப் புடவைகளை மூன்று மாதத்திற்கொருமுறை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வைத்தால் இழை முறியாது. பூஞ்சணம் கண்ட துணியை வீட்டுக்குள் உதறாமல் வெளியே எடுத்துச் சென்று தட்டவேண்டும். அத்தூள் இழுப்பு நோயுள்ளோர்க்குக் கெடுதல்.

புதுவீட்டுக்கு வரைபடம் போடும் குடும்பத்தார், பூசையறைக்கும் சமையலறைக்கும் இடம் குறிப்பதுபோல் துணி அலமாரிக்கும் அன்றே இடம் குறித்துவிடுங்கள். வாடகை வீட்டில் இருப்போர், பீரோவை இன்றே சுவரிலிருந்து இரண்டு அங்குலம் நகர்த்துங்கள். செலவில்லாத இச்சிறு வேலை வரும் மழைக்காலத்தில் தன் பயனைக் காட்டும்.