நீல மை எதுவரை?



சென்ற பங்குனியில் எங்கள் புவியியல் ஆசிரியை, "அவரவர் ஊர் நீர்நிலையை வரைந்து வாருங்கள்" என்றார். நான் பாகூர் ஏரிக்குச் சென்றேன். தண்ணீர் ஒரு பக்கமாகச் சுருங்கிக் கிடந்தது. மற்ற இடத்தில் மாடுகள் மேய்ந்தன. தண்ணீர் நின்ற இடத்துக்கு மட்டும் நீலம் தீட்டினேன். படத்தைப் பார்த்த தாத்தா, "என்னம்மா, பாதி ஏரியைக் காணோமே! கார்த்திகையில போய்ப் பார்த்து வரையணும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி வரைந்த படத்தை நம்பித்தானே நாளை மனை பிரிப்பார்கள்?

வட துருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில், அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்திருப்பதால், உருகிய பனிநீர் கீழே இறங்காமல் எண்ணற்ற ஏரிகளாகத் தேங்குகிறது. சைபீரியாவின் 1973-ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை 1997, 1998-ஆம் ஆண்டுப் படங்களோடு ஒப்பிட்ட அறிஞர்கள், 125 பெரிய ஏரிகள் அடியோடு மறைந்ததை 2005-இல் வெளியிட்டனர். உறைந்த மண் இளகி, நீர் வடிந்துவிட்டதாம். பழைய படம் இல்லையென்றால் அங்கே ஏரி இருந்ததே யாருக்குத் தெரியும்?

புதுவையின் 84 ஏரிகளில் பெரிய ஊசுட்டேரியையும், அடுத்ததான பாகூரையும் எல்லோரும் அறிவர். ஊசுட்டேரி 2008-இல் பறவைகள் சரணாலயமாகவும் ஆயிற்று. என் கவலை சிற்றேரி, குளம், வாய்க்கால்களைப் பற்றியது. அமெரிக்காவும் பிரான்சும் 2022 டிசம்பரில் ஏவிய 'ஸ்வாட்' செயற்கைக்கோள், சுமார் 15 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளையும், 100 மீட்டருக்கு மேல் அகன்ற ஆறுகளையும் அளக்கவே அமைக்கப்பட்டது. நம் தெருக்கோடிக் குளம் அதற்கு ஒரு பொருட்டல்ல. தென்பெண்ணை நீரைப் பாகூருக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலும் அப்படியே. வாய்க்கால் தூர்ந்தால் ஏரி எதனால் நிறையும்?

வீடு கட்ட இடம் வேண்டாமா என்பர் சிலர். வேண்டும்தான். ஆனால் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, புதுவையில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே! அந்தத் தண்ணீருக்கு இடம் வேண்டாமா?

ஆகவே, ஏரி நிறைந்து கலங்கல் வழியும் நாளில் நீர் எதுவரை தொடுமோ, அதுவரை ஏரி என்றே வரைய வேண்டும். வாய்க்காலையும் விடக் கூடாது. அந்த எல்லையைக் காட்டப் பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் நாமே ஆளுக்கொரு நீர்நிலையை இப்படி வரைந்தால் என்ன?

கார்த்திகையில் தாத்தாவோடு கரையைச் சுற்றி வந்து, என் படத்தை மறுபடியும் வரைந்தேன். நீல மை போதவில்லை. பக்கத்து வீட்டுத் தோழியிடம் கடன் வாங்கினேன்.