ஆலய மணியில் இருந்த ஆண்டும் நம்ம பேனரில் போட்ட ஆண்டும்

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா வாசிங்க.

கும்பாபிஷேக வேலைக்காக நம்ம ஆலயத்து ஸ்டோர் அறையைச் சுத்தம் செஞ்சோம். குப்பையில போட மூட்டை கட்டி வச்சிருந்த தாள்களுக்கு நடுவுல பழைய வரவு செலவுப் புத்தகம் ஒண்ணு கிடைச்சது. பாதியைக் கரையான் தின்னுடுச்சு. மீதியில 1950களின் திருவிழாக் கணக்கு: கற்பூரம், பூ, உறுமி மேளம், அன்னதான அரிசி, லயத்து வீடுகள்ல வசூலான வெள்ளி.

விஷயம் தெரிஞ்சு, பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை அழைச்சிக்கிட்டு வந்தாங்க. பெரிசா பாடம் ஒண்ணும் நடத்தல. மூணே கேள்வி கேட்டாங்க. இதை யார் எழுதினது? எதுக்காக எழுதினாங்க? யாரோட பேரை விட்டுட்டாங்க?

ஒரு பிள்ளை சட்டுனு கேட்டுச்சு: "ஏன் இதுல பாட்டிங்க பேரே இல்ல?" நம்மகிட்ட பதில் இல்லை. பால்மரம் வெட்டினதுல பெண்களும் பாதி. வசூல் பட்டியலில் இருப்பதெல்லாம் ஆண்கள் பெயர்தான். இத்தனை வருஷமா அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்துலயே இருந்தும் நமக்கு அது தோணல.

அடுத்து ஒரு பையன் மணியைத் தொட்டுப் பார்த்தான். அதுல 1931னு பொறிச்சிருக்கு. வாசல்ல நம்ம பேனர்ல '120 ஆண்டுப் பழமை'. "அங்கிள், எது சரி?"

மணி வந்த ஆண்டும் கோயில் தொடங்கின ஆண்டும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு இல்லை. அதுக்கு முன்னாடியே மரத்தடியில ஒரு கல்லை வச்சுக் கும்பிட்டிருக்கலாம். ஆனா நம்ம கையில இருக்கிற ஆதாரம் 1931 வரைக்கும்தான் போகுது. மத்தது பெரியவங்க சொன்னது. இந்த வித்தியாசத்தைப் பன்னிரண்டு வயசுல ஒரு பிள்ளை புரிஞ்சுக்கிட்டா, நாளைக்கு வாட்ஸ்அப்ல வர்ற எதையும் அப்படியே நம்பாது. இதைவிட நல்ல சரித்திரப் பாடம் என்ன இருக்கு?

நான்காம் ஆண்டிலிருந்தே நம்ம பிள்ளைங்க சரித்திரம் படிக்கிறாங்க. எஸ்.பி.எம்.-இல் 2013 முதல் அது கட்டாயத் தேர்ச்சிப் பாடம். மலாக்கா சுல்தான்கள் பேரை வரிசையா சொல்றாங்க, சொல்லட்டும், தேவைதான். ஆனா தாத்தா பெரட்டுக்கு நின்ன தோட்டத்தோட பேரு தெரியல. 1938-இல் கங்காணி முறை ஆள்சேர்ப்பு நின்றது, 1941 கிள்ளான் வேலைநிறுத்தம், சயாம் மரண ரயில் பாதை, தோட்டத் துண்டாடல், 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் – இது எல்லாத்துக்கும் சாட்சி நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கு. பழைய பாஸ்போர்ட், சிவப்பு அடையாளக் கார்டு, சங்கத்துப் பங்குப் பத்திரம், கல்யாணப் படம்.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் பத்தல"னு ஆசிரியர்கள் சொல்றதுல நியாயம் இருக்கு. அதனால புதுப் பாடம் கேட்கல. யு.பி.எஸ்.ஆர். 2021-இல் ரத்தாகிவிட்டது. தவணைக்கு ஒரு நாள், ஒரு பழைய தாள், அந்த மூணு கேள்வி. இது போதும்.

ஆலய நிர்வாகங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்து நிலத்துல எழும்பின பல கோயில்களுக்குப் பட்டா கிடையாது. தோட்டம் கைமாறும்போது, "நாங்க எப்போதிலிருந்து இங்க இருக்கோம்"னு காட்ட, இதே கணக்குப் புத்தகமும் திருவிழா நோட்டீஸும்தான் உதவும். அதைத்தான் நாம பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுட்டு இருக்கோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். எதையும் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்க. யார் கொடுத்தது, எங்க கிடைச்சதுனு எழுதி வைங்க. பள்ளிக்கு நகலைக் கொடுங்க. அசல் பத்திரமா இருக்கட்டும். பெரியவங்க பேசுறதை, அவங்க சம்மதத்தோட, கைப்பேசியில பதிவு பண்ணுங்க. கள்ளுக்கடை, சாதிச் சண்டை, கடன்னு சங்கடமானது வந்தாலும் அழிச்சுடாதீங்க. அதுவும் நம்ம கதைதான். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்துல பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கு. ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்கு உதவும்.

நம்ம பேனரைக் கழட்டிட்டோம். புதுசுல '1931 முதல் ஆதாரத்துடன்'னு போடப் போறோம். கமிட்டியில ரெண்டு பேருக்கு இன்னும் வருத்தம்தான். ஆனா அந்தப் பையன் திரும்ப வந்தா, அவன் முகத்தைப் பார்த்துப் பேச முடியும்.

உங்க ஆலயத்துல, உங்க வீட்டுல என்ன இருக்கு? கீழே எழுதுங்க.