சுழி சுத்தம்; குணம்?

தமிழில் குதிரை வாங்கப் போன கதைகளுள் மிகப் புகழ்பெற்றது, வாங்காத குதிரைகளின் கதையே. பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருவாதவூரர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டுவிட, நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. இரவில் மீண்டும் நரிகளாயின. திருவிளையாடற் புராணத்தில், வணிகர் தலைவனாக வரும் இறைவனே அக்குதிரைகளின் இலக்கணங்களை அரசனுக்கு எடுத்துரைக்கிறான். இலக்கணத்தில் குறையேதும் இருக்கவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது.

பிள்ளைகள் ஏறிப் பழகுவதற்கென்று ஒரு மட்டக்குதிரையை இரண்டு ஆண்டுகளாகத் தேடிவரும் எங்களுக்கு, இக்கதை புராணமாக மட்டும் தோன்றவில்லை. நம் குதிரைச் சந்தையின் தீராத நோயை அது சொல்வதாகவே படுகிறது: இலக்கணம் பேசப்படுகிறது, குணம் பேசப்படுவதில்லை.

முதலில், மட்டக்குதிரை என்பது எது? தோள் உச்சிவரை ஏறத்தாழ 148 செ.மீ. உயரத்துக்குள், வளர்ந்து முடிந்த நிலையிலும் சிறிதாகவே நிற்கும் குதிரை. அது குதிரைக்குட்டி அன்று. இந்த எளிய வேறுபாடுதான் சந்தையில் முதலில் மறைக்கப்படுகிறது. இரண்டு வயது நிரம்பாத குட்டியைக் காட்டி, 'பிள்ளைகளுக்கு ஏற்ற உயரம்' என்கிறார்கள். வாயைத் திறந்து பார்த்தால் உண்மை தெரியும். முன்வரிசைப் பாற்பற்களில் நடுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறையும். பாற்பல் மாறாத குட்டியின் முதுகில் பிள்ளையை ஏற்றுவது இருவருக்கும் செய்யும் தீங்கு.

ஈரோடு மாவட்டத்தில், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை நம் பக்கத்தில் பெயர்பெற்றது. மார்வாரியும் கத்தியவாரும் நிமிர்ந்து நிற்கும் அழகைக் காணவே கூட்டம் திரள்கிறது. உயரம், நிறம், மேளத்துக்கு ஆடும் ஆட்டம் ஆகியவற்றுக்கே அங்கு மதிப்பு. சாதுவான சிறிய குதிரையைக் கேட்டு வருபவனுக்கு யாரும் எழுந்து நின்று பதில் சொல்வதில்லை. காயடித்த குதிரை பிள்ளைகளுக்கு நல்லது என்று அனுபவமுள்ளோர் சொல்வர். நம் சந்தைகளிலோ அதைக் காண்பதே அரிது. 'ஆண்மை போன குதிரையை யார் வாங்குவார்?' என்று எங்களையே திருப்பிக் கேட்டார் ஒரு தரகர்.

பேச்சு தொடங்கியதும் முதலில் வருவது சுழி. 'சுழி சுத்தம்' என்ற சொல் மாட்டுச் சந்தைக்கும் குதிரைச் சந்தைக்கும் பொதுவானது. எந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகும், எந்தச் சுழி ஆளைத் தின்னும் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரமும் சுழிகளைப் பேசுகிறது. பழைய அறிவை எள்ளி நகையாடுவது எங்கள் நோக்கமன்று. குதிரையை உற்று நோக்கிய கண்களே அந்நூல்களை ஆக்கின. ஆனால் சுழி, உடையவனுக்கு என்ன வரும் என்பதைச் சொல்கிறதே தவிர, குதிரைக்கு இதுவரை என்ன நேர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. இதுவரை எத்தனை கை மாறியது? கடிவாளம் மாட்டும்போது தலையை வெட்டுகிறதா? லாரிச் சத்தத்துக்கு மிரள்கிறதா? குளம்பைத் தூக்க விடுகிறதா? நாங்கள் கேட்ட இக்கேள்விகளுக்குக் கிடைத்த ஒரே விடை, 'பச்சப்புள்ளை மாதிரிங்க' என்பதுதான். ஒரு குதிரை உண்மையிலேயே பச்சைப்பிள்ளைபோல் நின்றது. காலையிலிருந்து ஓட்டி ஓட்டிக் களைக்க வைத்திருந்தார்கள் என்பதைப் பக்கத்துக் கொட்டகைக்காரர் பிறகு சொன்னார்.

இது இன்றைய தந்திரமும் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டு எழுதிய மார்க்கோ போலோ, கடல் வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை மடிந்ததையும் குறிப்பிடுகிறார். குதிரை மருத்துவர் எவரும் இந்நாட்டுக்கு வந்துவிடாமல் வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். வாங்குபவனின் அறியாமையே விற்பவனின் முதல் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இன்று நிலைமை மேலும் நெருக்கடியானது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-ல் 3.4 லட்சமாகக் குறைந்தன. ஜட்கா வண்டிகள் மறைந்தபோது, அவற்றை இழுத்த அடக்கமான சிறு குதிரைகளும், அவற்றை அறிந்த மனிதர்களும் சேர்ந்தே மறைந்தனர். எஞ்சியிருப்பது பெரும்பாலும் அலங்காரச் சந்தை.

ஆகவே வாங்குபவர்கள் மாறவேண்டும் என்பதே எங்கள் கட்சி. துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடிக்கும் முன், பதினைந்து நாள் வைத்துப் பார்க்கக் கேட்போம். மறுத்தால் திரும்பி வருவோம். சேணம் பூட்டி நிறுத்திய குதிரையை மட்டும் பார்க்காமல், கொட்டிலில் அதைப் பிடிப்பது முதல் பார்ப்போம். நம் செலவில், நாம் அழைத்த கால்நடை மருத்துவரைக் காட்டுவோம். கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேட்போம். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதை நினைவில் வைப்போம். 200 கிலோ குதிரைக்கு 40 கிலோதான் கணக்கு.

எல்லாவற்றுக்கும் மேலாக, வயதை மதிக்கக் கற்போம். பன்னிரண்டு, பதினைந்து வயதுக் குதிரை பல பிள்ளைகளைச் சுமந்து, பல தெருக்களைக் கண்டு, மிரட்சி அடங்கியது. அதைக் 'கிழடு' என்று நாம் ஒதுக்குவதால்தான் விற்பவர் வயதைக் குறைத்துச் சொல்கிறார். பொய்யின் ஒரு பாதியை அவரிடம் கேட்டு வாங்குவது நாமே.

தம் பிள்ளைகள் வளர்ந்துவிட, ஏற ஆளின்றி நிற்கும் மட்டக்குதிரையை வைத்திருப்போர் எங்கோ இருக்கத்தான் செய்கிறார்கள். அதன் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லி விற்கும் ஒருவரைக் கண்டால், விலையைக் குறைத்துப் பேசமாட்டோம். சுழியையும் பார்க்கமாட்டோம்.